பொம்மையன் வளர்த்த கிருமி

குஜிலியம்பாறைப் பக்கம் ஆட்டுக்குக் காய்ச்சல் என்றால் மக்கள் முதலில் தேடி வந்தது பொம்மையனைத்தான். மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவர். இரண்டு குட்டிகளில் தொடங்கிப் பட்டி நிறைய ஆடு சேர்த்தவர். எவன் கை கொடுத்தான்? ஒருத்தனும் இல்லை. ஊசி போடுவதைக்கூட அவரேதான் கற்றுக்கொண்டார். ஆட்டுக்கு ஒரு குத்து. தமக்கு உடம்பு சுட்டால் அதே புட்டியிலிருந்து தமக்கும் ஒரு குத்து. சூடு கொஞ்சம் தணிந்ததும் நிறுத்திவிடுவார். மிச்ச மருந்து ஊசிப் பெட்டிக்குள் போகும், அடுத்த நோய்க்கு.

அப்பேர்ப்பட்டவருடைய குதிகாலில் முள் குத்திய புண் ஆறவே இல்லை. புட்டி புட்டியாக ஏற்றியும் சீழ் நிற்கவில்லை. ஆட்டுக்குப் பின்னால் நடக்கிற காலே போனால் பட்டியை விற்க வேண்டியதுதான். அடுத்த தோட்டத்துக் கருப்பணன் விலை கேட்கவே ஆரம்பித்துவிட்டான்.

"ஆசுபத்திரிக்குப் போங்கன்னா கேக்குறீகளா? ஆட்டு மருந்தக் குத்திக் குத்தி ஒரு நாள் மே-ன்னு கத்தப் போறீக," என்றாள் மனைவி பொன்னழகு.

"ஏ புள்ள, எனக்கே வைத்தியமா?"

அந்தச் சமயத்தில்தான் கால்நடை டாக்டர் சத்யபிரியாவும், மனிதருக்கு வைத்தியம் பார்க்கும் டாக்டர் முகேஷ்குமாரும் ஆராய்ச்சிக்கு வந்தார்கள். ஆடு, ஆள், தண்ணீர் மூன்றிலும் ஒரே கிருமி சுற்றுகிறதா என்று பார்க்கிறார்களாம். பொம்மையன் மடி வீங்கிய ஆட்டைக் காட்டினார், தண்ணீர்த் தொட்டியைக் காட்டினார், கேட்காமலே காலையும் நீட்டினார்.

"சோதனைக்குச் சீழ எடுத்துக்க தாயி. இம்புட்டுப் பெரிய புண்ணு இந்த வட்டாரத்துலயே வேற எவன்கிட்டயும் கிடையாது."

சில நாளில் முடிவோடு திரும்பி வந்தார்கள்.

"ஐயா, உங்க காலு, ஆட்டு மடி, தொட்டித் தண்ணி, மூணுலயும் ஒரே கிருமி. நீங்க போடுற எந்த மருந்துக்கும் அது சாகல. அரைகுறையா மருந்து குடுத்துக் குடுத்து நீங்களே அதப் பழக்கிட்டீங்க," என்றார் சத்யபிரியா.

வெட்கப்படுவார் என்று பொன்னழகு காத்திருந்தாள். அவருக்கோ மீசை ஏறியது.

"எதுக்குமே சாகலையா?"

"ஒரே ஒரு மருந்துக்குத்தான் சாகுது. அதத் திண்டுக்கல் ஆசுபத்திரில படுக்க வச்சுத்தான் ஏத்தணும். இன்னும் தள்ளிப்போட்டா கால எடுக்க வேண்டி வந்துரும்," என்றார் முகேஷ்குமார். "அந்த ஊசிப் பெட்டியையும் எங்ககிட்ட குடுத்துருங்க."

பொம்மையன் காலைப் பார்த்தார், பெட்டியைப் பார்த்தார். வேலியோரம் நின்ற கருப்பணனையும் பார்த்தார்.

"ஏலே கருப்பணா, உன் ஆட்டுல இருக்கறதெல்லாம் சோப்ளாங்கிக் கிருமி, ஒரு மாத்திரைக்குச் சுருண்டுரும். என் கிருமிய அடக்கப் பெரிய ஆசுபத்திரியே வேணுமாம்லே!" என்று சொல்லிவிட்டுப் பெட்டியைச் சத்யபிரியாவின் கையில் கொடுத்தார். நொண்டிக்கொண்டே வண்டியில் ஏறினார்.

கால் பிழைத்தது. ஆட்டுக்கும் தனி மருந்து கொடுத்தார்கள். பொன்னழகு தொட்டியைக் கழுவிச் சுண்ணாம்பு அடித்தாள். இப்போதெல்லாம் ஓர் ஆடு இருமினாலும் பொம்மையன் சத்யபிரியாவுக்குத்தான் போன் போடுகிறார். ஊசி எங்கே என்று கேட்டு வருகிறவர்களிடம் மட்டும் தலையை நிமிர்த்திக்கொண்டு சொல்வார்:

"நம்ம டாக்டரம்மாகிட்டப் போங்க. நான் வளத்த கிருமியில படிச்ச புள்ள, தப்பாது."