மவுஸ் செய்த அளாப்பு

என் மனைவி ஓய்வுபெறும் வரை கணிதம் படிப்பித்தவர். பரீட்சை மண்டபத்தில் பக்கத்துப் பிள்ளையின் தாளை எட்டிப் பார்ப்பவனைக் கழுத்துச் சாய்வை வைத்தே பிடித்துவிடுவார் என்று திருகோணமலையில் அவருக்குப் பெயர். அப்படிப்பட்டவரைப் பார்த்து, ஒரு சனிக்கிழமை பின்னேரம், அவருடைய சொந்த அண்ணனே கனடாவிலிருந்து “அளாப்பி” என்று சொல்லிவிட்டார். விளையாட்டில் ஏமாற்றுகிறவரை எங்கள் பக்கத்தில் அப்படித்தான் சொல்வது. கள்ளன் என்றால்கூட மன்னிக்கலாம். கள்ளனுக்காவது ஏதோ தேவை இருந்திருக்கும். அளாப்பிக்கு அதுவும் இல்லை.

சனிக்கிழமைகளில் எங்கள் வீட்டில் முந்நூற்றிநாலு என்ற சீட்டாட்டம் நடக்கும். நாலு பேர், இரண்டு சோடி, இத்தனை புள்ளி எடுப்பேன் என்று ஏலம் போலக் கேட்கும் ‘கேள்வி’, கவிழ்த்து வைத்த ஒரு துரும்புச் சீட்டு, நிறையச் சத்தம். முன்பு மேசையைச் சுற்றி இருந்து விளையாடியதை இப்போது கணினியில் விளையாடுகிறார்கள். என் மனைவியும் மட்டக்களப்பில் இருக்கும் அவருடைய தங்கையும் ஒரு சோடி, அண்ணனும் அண்ணியும் மற்றச் சோடி. போனை ஸ்பீக்கரில் போட்டு மேசையில் வைத்தால் ஏச்சும் பேச்சும் குறைவில்லாமல் வந்து சேரும். நான் விளையாடுவதில்லை. விதிகளை நான் ஞாபகப்படுத்தும் விதம் சகிக்க முடியாதது என்று எல்லாரும் ஏகமனதாகத் தீர்மானித்திருக்கிறார்கள்.

அந்தச் சனிக்கிழமைக்குச் சில நாட்கள் முன்பிருந்தே எங்கள் மவுஸ் ஒரு மாதிரித்தான் இருந்தது. நேராக இழுத்தால் திரையில் அம்புக்குறி கொஞ்சத் தூரம் ஒழுங்காக வரும், பிறகு யோசிக்கும், பிறகு சம்பந்தமில்லாத ஒரு மூலைக்குப் பாயும். செய்தி படிக்கும் எனக்கு அது பெரிய விசயமாகப் படவில்லை. சீட்டு விளையாட்டில் அது வேறு கதை. முந்நூற்றிநாலில் வீரன் என்கிற ஜாக்தான் பெரிய தாள். மற்ற விளையாட்டுகளில் ராசாவுக்குக் கைகட்டி நிற்பவன் இங்கே ராசாவையே பிடிப்பான். மனைவி ஏழாம் தாளை இறக்கப் போக, அம்புக்குறி துள்ளி, வீரன் போய் விழுந்தான். அண்ணன் துரும்பு போட்டு அவனை வெட்டிவிட்டார்.

“அண்ணா, அது நான் போடேல்லை. ஏழைத்தான் போடப் போனனான். மவுஸ் துள்ளிப் போச்சு.”

“நான் வெட்டினாப் பிறகுதானே உனக்குத் துள்ளினது தெரிஞ்சது?”

“சொல்ல வாயெடுத்தனான். நீங்கள் அதுக்குள்ள வெட்டிப் போட்டியள்.”

“சரி சரி, திருப்பி எடு. பென்சன்காரரோட என்ன வழக்கு.”

அடுத்த கையிலும் அதே கூத்து. இந்த முறை அண்ணன் சம்மதிக்கவில்லை. “முதல் தரமும் மவுஸ், இப்பவும் மவுஸோ? உன்ர மவுஸ் பெரிய தாளாப் பாத்தெல்லோ துள்ளுது. நீ சின்னனிலயும் அளாப்பி, இப்பவும் அளாப்பி.”

தொலைபேசியில் யாரும் சிரிக்கவில்லை, தங்கைகூட. மனைவி “நான் வைக்கிறன்” என்று மட்டும் சொல்லிவிட்டு வைத்தார். அன்றைக்கு எங்கள் வீட்டில் இடியப்பத்துக்குச் சொதி இருக்கவில்லை. நானும் கேட்கவில்லை.

மறுநாள் காலை, கடைத்தெருப் பக்கம் போய் ஒரு புது மவுஸ் வாங்கி வரலாம் என்று சொன்னேன். மனைவி என்னை ஒரு பலவீனமான மாணவனைப் பார்ப்பது போலப் பார்த்தார்.

“புதுசு வாங்கினால் அண்ணா என்ன சொல்லுவார்? சாட்சியை ஒழிச்சுப் போட்டாள் எண்டு சொல்லுவார். எனக்குப் புது மவுஸ் வேண்டாம். இந்த மவுஸ் பிழை எண்டு காட்டித் தாங்கோ. அடுத்த சனிக்கிழமைக்குள்ள.”

துறைமுகப் பக்கத்துக் காரியாலயம் ஒன்றில் நிர்வாகத்தில் வேலை செய்து களைத்தவன் நான். எந்தப் பொருள் பழுதானாலும் அதற்கு ஒரு நடைமுறை இருக்கும், அந்த நடைமுறை எனக்கு மனப்பாடமாக இருக்கும். கடிதங்களில் மவுஸைச் சுட்டி என்றுதான் எழுதுவோம். களஞ்சியத்தில் யாருக்கும் அது விளங்காது. ஒருமுறை சுட்டி கேட்டு எழுதியதற்குத் நெற்றிச்சுட்டி எத்தனை பவுணில் வேண்டும் என்று பதில் வந்தது. இருந்தும், நடைமுறை நடைமுறைதான்.

முதலில், இந்த ஊரில் எது பழுதானாலும் செய்வதைச் செய்தேன்: உப்புக் காற்றைக் குற்றம் சாட்டினேன். கேற் இறுகினாலும் வானொலி கரகரத்தாலும் முழங்கால் வலித்தாலும் இங்கே உப்புக் காற்றுத்தான். வயரின் முனையைப் பார்த்தேன், கறள் இல்லை. கழற்றிப் பூட்டினேன். வேறு துவாரத்தில் பூட்டினேன். கணினியை நிற்பாட்டி, தேநீர் குடிக்கும் அளவுக்குப் பொறுத்து, மீண்டும் போட்டேன். அம்புக்குறி அதே மூலைக்குப் பாய்ந்தது. மேசையில் பளபளப்பான பிளாஸ்டிக் விரிப்பு இருந்தது. ஒளியால் வேலை செய்யும் மவுஸுக்குப் பளபளப்பு ஆகாது என்பதால் அதை எடுத்துவிட்டு வெறும் மரத்திலும் பழைய கலண்டர் மட்டையிலும் ஓட்டிப் பார்த்தேன். கடைசியில் என் தொடையில் வைத்தும் ஓட்டினேன். மவுஸைப் பிரட்டி அடியையும் பார்த்தேன். சிவப்பு விளக்கு எரிந்தது. விளக்கு எரிகிறதா, ஓம், எரிகிறது. அந்தக் கேள்வியை அத்துடன் முடித்துவிட்டேன்.

“என்ன, கண்டுபிடிச்சிட்டியளோ?” என்று குசினியிலிருந்து குரல் வந்தது.

“ஒவ்வொண்டாக் கழிச்சுக்கொண்டு வாறன்.”

“சனிக்கிழமையும் கழிஞ்சு போகும்.”

எஞ்சியிருந்தது ஒரு படிதான். பிழை மவுஸிலா கணினியிலா என்று பிரித்தறிய, மவுஸை வேறொரு கணினியில் பூட்ட வேண்டும். ஊருக்குள்ளேயே ஓர்ஸ் ஹில் பக்கம் என் பழைய காரியாலய நண்பர் ஒருவர் இருக்கிறார். கிண்ணியாக்காரர். ஓய்வுபெற்ற பிறகும் தினமும் சேர்ட்டைக் காற்சட்டைக்குள் விட்டு இடுப்புப் பட்டி கட்டிக்கொண்டு கணினிக்கு முன்னால் அமர்ந்து தன் பேரப்பிள்ளைகளின் படங்களை ஒழுங்குபடுத்துகிறவர். மவுஸை ஒரு சொப்பிங் பையில் போட்டுக்கொண்டு, எங்கள் ஊரில் மாடுகளைப் போலத் திரிந்து ரோட்டை மறித்துப் படுத்திருக்கும் மான்களைச் சுற்றிக்கொண்டு போனேன்.

“என்ன ஐசே, மவுஸோட வெளிக்கிட்டிருக்கிறீர்? வீட்டில அடிச்சுக் கலைச்சுப் போட்டாவோ?”

கதையைச் சொன்னேன். அவர் முழுவதும் கேட்டுவிட்டு, “அளாப்பி எண்டவரோ? அது பெரிய சொல்லு ஐசே” என்று முகத்தைக் கடுமையாக வைத்துக்கொண்டார். பிறகு தன் மவுஸைக் கழற்றிவிட்டு எங்களுடையதைப் பூட்டினார். பேரப்பிள்ளையின் படம் ஒன்றைத் திறக்கப் போக, அம்புக்குறி தயங்கி, திரும்பி, மூலைக்குப் பாய்ந்தது. கணினி நிரபராதி. இனி மவுஸ்தான்.

அவர் அதைத் தூக்கி முகத்துக்கு அருகே கொண்டுபோய் உற்றுப் பார்த்தார். பிறகு மோந்தார்.

“சந்தனம் மணக்குது. உங்கட மவுஸ் கோயிலுக்குப் போயிட்டு வந்ததோ?”

பிரட்டினோம். விளக்கு எரியும் குழிக்குள், கண்ணாடியின் அரைவாசியை மூடிக்கொண்டு, காய்ந்து வெடித்த சந்தனப் பொட்டு. நடுவில் குங்குமமும் இருந்தது. முதலில் பார்த்தபோது அந்த மங்கலான வட்டத்தைக் கம்பனிக்காரன் போட்ட ஏதோ பூச்சு என்றுதான் நினைத்திருந்தேன். நவராத்திரி முடிந்து அதிக நாள் ஆகவில்லை. ஆயுத பூசைக்கு மனைவி வீட்டில் உழைக்கும் எல்லாவற்றுக்கும் பொட்டு வைப்பார்: தண்ணீர் மோட்டர், தையல் மெசின், என் சைக்கிள், தேங்காய் துருவி, கணினி. மவுஸும் உழைக்கிறதுதானே.

நண்பர் கைலேஞ்சியை எடுத்துத் துடைக்கப் போனார். நான் அவருடைய கையைப் பிடித்தேன்.

“துடைக்காதேயும். அது சாட்சி.”

“மவுஸுக்கும் வழக்கோ?” என்றார். தேநீர் வரும் வரை சிரித்துக்கொண்டிருந்தார். தேநீர் வந்த பிறகும் சிரித்தார்.

வீட்டுக்கு வந்து மேசையில் மவுஸை மல்லாக்க வைத்தேன். மனைவி கண்ணாடியைப் போட்டுக்கொண்டு குனிந்தார். வெகுநேரம் நிமிரவில்லை.

“மேல வைச்சால் கையில ஒட்டும் எண்டு கீழ வைச்சனான்,” என்றார் கடைசியில்.

“நல்ல யோசனைதான். ஆனால் கண்ணில வைச்சுப் போட்டீர்.”

“பொட்டு வைக்கிறதுக்கு ஒரு குழி இருந்தது. அதுக்குத்தான் எண்டு நினைச்சன்.”

இதில் ஒரு சிக்கல் இருந்தது, அது இருவருக்கும் விளங்கியது. இதைக் காட்டினால் அளாப்பி என்ற பேர் போகும். ஆனால் மவுஸின் கண்ணை மூடிப் பூசை செய்த கணித ரீச்சர் என்ற கதை கனடா முழுக்கப் போகும், கலியாண வீடுகளில் சொல்லப்படும், அவருடைய அண்ணன் இருக்கும் வரை ஓயாது. சத்தமில்லாமல் துடைத்துவிட்டுப் புதுசு வாங்கியதாகச் சொல்லலாம் என்று நான் ஒரு மாற்று வழியை முன்வைத்தேன்.

“அளாப்பச் சொல்லுறியளோ?” என்றார்.

சனிக்கிழமை வீடியோ அழைப்பில் மனைவியே பேசினார். முதலில் போனைத் திரைக்கு நேரே பிடித்து அம்புக்குறி பாய்வதைக் காட்டினார். பிறகு மவுஸைப் பிரட்டிக் காட்டினார். முழுதாக, ஒன்றும் மறைக்காமல், பொட்டு வைத்தது தானேதான் என்பது உட்பட.

கனடாவில் முதலில் அண்ணி சிரித்தார். பிறகு அண்ணன். மட்டக்களப்பில் தங்கைக்கு இருமல் வந்துவிட்டது. மனைவி நேராக இருந்தபடி, அவர்கள் முடிக்கும் வரை காத்திருந்தார், வகுப்பு அடங்கும் வரை காத்திருப்பது போல.

“சரி தங்கச்சி,” என்றார் அண்ணன் கண்ணைத் துடைத்துக்கொண்டு. “அந்தச் சொல்லை நான் திருப்பி எடுக்கிறன்.”

“எழுத்தில தந்தால் நல்லம் மச்சான்,” என்றேன் நான். மனைவியும் அண்ணனும் ஒரே நேரத்தில் என்னை வெளியே போகச் சொன்னார்கள்.

போகவில்லை. பஞ்சுக் குச்சியில் கொஞ்சம் ஸ்பிரிட் தொட்டு, பொட்டைக் கரைத்து, கண்ணாடியைத் துடைத்துக் கொடுத்தேன். அம்புக்குறி வெண்ணெயில் போவது போலப் போனது. தாள் பிரித்தார்கள். முதல் கை அக்கா தங்கை பக்கம். இரண்டாவது கையில் மனைவி யோசித்து, யோசித்து, ஒரு வீரனை இறக்கினார். அண்ணன் வெட்டினார். போட்டிருக்கக் கூடாத தாள் என்பது எனக்கே தெரிந்தது.

“மவுஸோ?” என்று கேட்டார் அண்ணன். குரலில் நக்கல் இல்லை. “மவுஸ் எண்டால் எடு. எங்கயாவது கொஞ்சம் சந்தனம் மிஞ்சியிருக்கும்.”

“எடுங்கோவன் அக்கா, அண்ணாவே சொல்லுறார்தானே,” என்றது மட்டக்களப்பு.

மனைவி கையை மவுஸிலிருந்து எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

“எடுக்க ஏலாது. அது நான்தான் போட்டனான்.”

அந்தக் கை போனது. கனடாவில் யாரோ கோப்பையை வைக்கும் சத்தம் கேட்டது. பிறகு புதுத் தாள் பிரிய, “உன்ர கேள்வி, கேள்” என்றார் அண்ணன். மனைவி கதிரையை முன்னுக்கு இழுத்துக்கொண்டு, கையில் இருந்த தாள்களுக்குக் கொஞ்சமும் தாங்காத ஒரு பெரிய கேள்வியைக் கேட்டார்.