டைனமோ மேல் போட்ட பழி

என் அப்பாவுக்குக் கோபம் வந்தால் முதலில் ஸ்பேனர் பறக்கும், பிறகு வார்த்தை பறக்கும். பஸ் டிப்போவில் எலக்ட்ரீஷியனாக இருந்து ஓய்வு பெற்றவர். அவரோடு சண்டை போடாமல் மிஞ்சியிருந்த ஒரே சிநேகிதர், மோட்டாருக்குக் காயில் கட்டும் கடைக்காரர். எங்களுக்குக் காயில் மாமா. அப்பாவின் வாயைப் பொறுத்துக்கொண்டு தினமும் சாயங்காலம் அவருக்கென்று ஒரு ஸ்டூலை நகர்த்திப் போடுவார். அந்த ஸ்டூலையும் அப்பா தொலைத்ததை நினைத்தால் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

தாத்தா ஓட்டிய பழைய காரை அப்பா சீராட்டி வைத்திருக்கிறார். அதற்குப் புது பேட்டரி மாட்டிய மறுநாளே சார்ஜ் ஏறவில்லை. டைனமோவைக் கழற்றினார், கார்பனைத் தேய்த்தார், பெல்ட்டை இறுக்கினார், அம்மாவைத் திட்டினார். கடைசியில் காயில் மாமா வேறொரு டைனமோவுக்குத் தன் கையால் காயில் கட்டிக் கொடுத்தார். அதை மாட்டி ஸ்டார்ட் செய்ததும், பேட்டரிக்கும் டைனமோவுக்கும் நடுவே இருக்கும் கட்-அவுட் பெட்டி புகைந்தது.

மாமா கட்டிக் கொடுத்த டைனமோவைக் கழற்றித் தூக்கிக்கொண்டு அப்பா கடைக்குப் போனார். நானும் பின்னாலேயே ஓடினேன். கடை நிறைய ஆட்கள். அத்தனை பேர் முன்னாலும் அதை மேஜைமேல் போட்டு, "கண்ணு தெரியலன்னா கடைய மூடிட்டுப் போய்யா" என்றார். மாமாவுக்குக் கண் ஆபரேஷன் ஆகி ஒரு மாதம்கூட ஆகவில்லை. அப்பாவை அங்கேயே பிடித்து உலுக்க வேண்டும்போல இருந்தது எனக்கு.

வீடு திரும்பினால், அம்மா காரில் உட்கார்ந்து ஹெட்லைட்டைப் போட்டுப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இன்ஜின் ஓடவே இல்ல. லைட்டு எரிஞ்சா சார்ஜ் இறங்கத்தானே செய்யணும்? மீட்டர் முள்ளு எப்படிங்க ஏறுற பக்கம் போகுது?"

அப்பா குனிந்து பேட்டரியைப் பார்த்தார். அவர் டிப்போ பஸ் எல்லாவற்றிலும் பேட்டரியிலிருந்து வண்டியின் பாடிக்குப் போவது மைனஸ் ஒயர். இந்தக் காரில் மட்டும் பிளஸ். பழகிய கை தலைகீழாக மாட்டிவிட்டது; கட்-அவுட் புகைந்ததும் அதனால்தான். பேட்டரியைத் திருப்பி, வேறு கட்-அவுட் வைத்து, கழற்றிப் போட்ட பழைய டைனமோவையே மாட்டினார். ஜம்மென்று சார்ஜ் ஏறியது. ஆக, எந்த டைனமோவிலும் கோளாறே இல்லை.

மறுநாள் மத்தியானம், கடையில் ஈ காக்கை இல்லாத நேரமாகப் பார்த்து அப்பா போனார். நானும் கூடப் போனேன். தப்பு தன்மேல்தான் என்று முணுமுணுத்தார். மாமா காயில் சுற்றுவதை நிறுத்தவில்லை.

"திட்டும்போது கடை நிறைய ஆளுங்க இருந்தாங்க. அவங்க இருக்கும்போது வந்து சொல்லு."

வீட்டுக்கு வந்து அப்பா கத்தின கத்தலில் தெருவே எட்டிப் பார்த்தது. மாமாவுக்குத் திமிராம். இன்றுவரை அப்பா அங்கே போகவில்லை. சாயங்காலமானால் ஷெட்டில் நிற்கிற காரில் ஏறி உட்கார்ந்து முள்ளையே பார்க்கிறார். நான் அந்தக் கடை வழியாகத்தான் வேலைக்குப் போகிறேன். அப்பா வீசிவிட்டு வந்த டைனமோவை மாமா அந்த ஸ்டூலில் வைத்திருக்கிறார்.