அரை மிட்டாய் அப்பா

போன செவ்வாய்க்கிழமை என் மகள் யாழினி முறுக்கு வேண்டாம் என்று சொல்லிவிட்டாள்.

ஐந்து வயது. யூ.கே.ஜி. முறுக்கை மறுக்கும் வயதா அது? இடது கன்னத்தில் கை வைத்தபடி, “வலிக்குதுப்பா” என்றாள். மொபைல் டார்ச்சை அடித்து வாய்க்குள் பார்த்தேன். எங்கள் நெய்வேலியில் சுரங்கம் என்றால் பெருமை. அன்று பார்த்த சுரங்கத்தில் பெருமைப்பட ஒன்றுமில்லை… கீழ்க் கடவாய்ப் பல்லில் கறுப்பாக, ஆழமாக ஒரு குழி.

“பால் பல்லுதானே, விழுந்து முளைக்கும்” என்றேன். நாலு புத்தகம் படித்தவன் எதற்கும் பதில் வைத்திருப்பான். என் மனைவி சுமதி போனை எடுத்தாள். வடலூரில் ஒரு பல் டாக்டரிடம் அப்பாயின்ட்மென்ட் வாங்கிவிட்டாள்.

டாக்டர் சின்னப் பெண். அவரிடமும் என் சரக்கை அவிழ்த்தேன். டவுன்ஷிப் பாஷையில் ஒரு சிலேடை வேறு.

“இதெல்லாம் கான்ட்ராக்ட் பல்லு டாக்டர். பர்மனென்ட் பின்னாடி வரும். பிடுங்கிடலாமே?”

அவர் சிரிக்கவில்லை. கையிலிருந்த, பல் பார்க்கும் கண்ணாடியைத் தட்டில் வைத்தார்.

“எங்கப்பா மைன்ஸ்ல கான்ட்ராக்ட்தாங்க சார். கடைசி வரைக்கும்” என்றார். “இந்தப் பல்லு விழ இன்னும் அஞ்சாறு வருஷம் இருக்கு. பர்மனென்ட் வர்ற வரைக்கும் அந்த எடத்த இதுதான் புடிச்சிக்கினு நிக்கணும். இப்பவே போச்சின்னா பக்கத்துப் பல்லு சாயும். அப்புறம் வர்றது கோணலாத்தான் வரும்.”

இருபது வருடமாக ஜோக் எழுதிப் பிழைக்கிறேன். சொன்னதைத் திரும்ப வாயில் போட்டுக்கொள்ள முடியாதா என்று ஏங்கியது அன்றுதான்.

அடுத்து விசாரணை. இனிப்பு நிறைய சாப்பிடுவாளா? பாலில் ஒரு ஸ்பூன் சர்க்கரை, அவ்வளவுதான் என்றாள் சுமதி. நானும் பலமாகத் தலையாட்டினேன். நாற்காலியில் சாய்ந்திருந்த யாழினி, வாயில் பஞ்சோடு சாட்சி சொன்னாள்.

“அப்பா எழுதுறப்ப தருவாங்க. அரை அரையா.”

சுமதி என்னைப் பார்த்தாள். வாசகர்களே, இனி மறைத்துப் பயனில்லை. பத்திரிகைக்கு இந்தப் பத்தியை எழுத எனக்கு இரண்டு மூன்று மணி நேரம் அமைதி வேண்டும். அமைதியின் விலை மிட்டாய். ஆனால் நான் பொறுப்பான அப்பா அல்லவா? ஒரு மிட்டாயை இரண்டாக வெட்டி, அரை மணிக்கு ஒரு பாதி என்று கொடுத்து வந்தேன் — அளவோடு கொடுப்பதாக எனக்கே ஒரு சான்றிதழும் கொடுத்துக்கொண்டு.

டாக்டர் பொறுமையாக விளக்கினார். வாயில் இனிப்பு விழும்போதெல்லாம் கிருமிகள் அதைத் தின்று அமிலம் விடுமாம். உமிழ்நீர் அதைக் கழுவிச் சரிசெய்யக் கொஞ்ச நேரம் பிடிக்குமாம். அந்த நேரம் முடிவதற்குள் நான் அடுத்த பாதியைக் கொடுத்திருக்கிறேன்.

“சாப்பாட்டோட சேர்த்து ஒரே தடவையா முழுசாக் குடுத்திருந்தாக்கூட இதவிடத் தேவல சார்.”

ஆக, மகளின் பல்லுக்கு நான் ஓய்வே கொடுக்கவில்லை. மூன்று ஷிப்ட்டும் ஓட்டியிருக்கிறேன். குழந்தைகளின் பல்லைக் கெடுப்பது கொடுமைக்கார அப்பாக்கள் இல்லை. அளவு தெரிந்த அப்பாக்கள்தான்.

பல்லைக் காப்பாற்றிப் பார்க்கலாம் என்றிருக்கிறார் டாக்டர். வேருக்கு வைத்தியம் செய்து, மேலே ஒரு மூடி. இன்னும் இரண்டு முறை போக வேண்டும். ஆனால் பக்கத்துப் பல்லும் கறுக்க ஆரம்பித்திருக்கிறது. இடையிடையே இனிப்பு தொடர்ந்தால் அதுவும் போய்விடும் என்று எச்சரித்திருக்கிறார். யாரைப் பார்த்து எச்சரித்தார் என்று சொல்ல வேண்டுமா?

எனவே இன்று மிட்டாய் இல்லை. யாழினி மேஜைக்கு அடியில் உட்கார்ந்து என் கால் விரல்களை எண்ணுகிறாள். ஒன்பதுதான் இருக்கிறதாம். பத்து என்று நிரூபிக்க இரண்டு முறை எழுந்து நின்றேன். அதற்குள் எழுத நினைத்த ஒரு நல்ல பாரா மறந்து போனது. ஏன் இன்னும் மேட்டர் வரவில்லை என்று பத்திரிகையிலிருந்து போன் வேறு.

பரவாயில்லை. என் பத்தியில் ஒரு பாரா விழுந்தால் யாருக்கும் தெரியாது. அவள் வாயில் ஒரு பல் விழுந்தால்… அவள் மெல்லும்போதெல்லாம் எனக்குத் தெரியும்.