ஆம்ப்ளிஃபயருக்குப் போட்ட ஸ்வெட்டர்

திருப்பூரில் சும்மா நிற்கிற எந்தப் பொருளுக்கும் துணி தைத்துப் போட்டுவிடுவார்கள். டிவி, மிக்சி, கேஸ் சிலிண்டர், பைக் சீட்டு, எதுவும் தப்பாது. கம்பெனிகளில் மிஞ்சுகிற துணி அப்படி. அதனால் எங்கள் சபையில் கிதாருக்கென்று ஒரு பழைய ஆம்ப்ளிஃபயர் வாங்கியபோது, சபைக் காரியங்களைக் கவனிக்கும் மூப்பரின் மனைவி அதற்கும் உறை தைத்து வந்ததில் யாருக்கும் ஆச்சரியமில்லை. அவர் பனியன் கம்பெனியில் ஓவர்லாக் மிஷினில் தைக்கிற டெய்லர். ஏற்றுமதிக்கு வெட்டியதில் மிஞ்சிய கம்பளி மாதிரித் தடித்த ஃப்ளீஸ் துணி, அடியில் எலாஸ்டிக், மேலே எம்பிராய்டரியில் ஒரு சிலுவை. முன்பக்கம் மட்டும் திறப்பு. குளிர்நாட்டுக் குழந்தைக்குத் தைத்த ஸ்வெட்டர் மாதிரி அத்தனை கச்சிதம்.

கிதார் வாசித்தது நான். தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து பிழைக்க வந்து, பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை பார்த்துக்கொண்டிருந்தேன். இரண்டாயிரத்துகளின் தொடக்கம் அது. சபையில் உள்ளூர்க்காரர்கள் குடும்பம் குடும்பமாக முன்னால் உட்காருவார்கள். என்னைப் போல ரூம் எடுத்துத் தங்கியவர்களுக்குக் கடைசி வரிசை. யாரும் போகச் சொன்னதில்லை, நாங்களாகத்தான் போய் உட்கார்ந்தோம். கிதார்தான் என்னை முன்னால் கொண்டுவந்தது. அது போனால் மறுபடியும் செருப்புக் குவியலுக்குப் பக்கத்தில்தான் இடம்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மூன்றாவது பாட்டில் ஆம்ப்ளிஃபயர் ஊமையானது. பிரசங்கம் முடிந்து தொட்டால், ஒன்றுமே நடக்காதது போலப் பாடியது. ஆளாளுக்கு வைத்தியம் சொன்னார்கள். வயர் மாற்றினேன். கிதாரில் வயர் செருகுகிற இடம் ஆடியது, அதைப் பற்றவைத்தேன். கரண்ட் குறைவாக வருகிறது என்றார்கள், ஸ்டெபிலைசர் வைத்தேன். மறு வாரமும் அதே மூன்றாவது பாட்டு, அதே ஊமை.

பொறுக்காமல் அதை ரூமுக்கே தூக்கிப் போனேன். எங்கள் ரூம் இருந்த லட்சணத்தில் வெள்ளை உறை அழுக்காகிவிடும் என்று கழற்றி மடித்து வைத்துவிட்டு, சாயங்காலம் முழுக்க வாசித்தேன். ஒரு முறைகூட நிற்கவில்லை. என்னோடு தங்கியிருந்த ரூம்காரனுக்குத்தான் பொறுமை போயிற்று.

“பெட்டி நல்லாத்தாம்ல இருக்கு. ஒன் சபைலதான் கோளாறு” என்றான்.

சபைக்குக் கொண்டுபோய் உறையை மாட்டி வாசித்தேன். மறுபடியும் ஊமை. ஆராதனை முடிந்ததும் மூப்பர் வந்தார். “ஏனுங்க தம்பி, அடுத்த வாரமும் இப்படியே ஆச்சுன்னா நம்ம ஆர்மோனியமே போதுமுங்க. தப்பா நெனச்சுக்காதீங்க.” இத்தனை மரியாதையாகச் சொன்னால் ஒரு மனுஷன் எப்படிச் சண்டை போடுவது? ரூமுக்குத் திரும்பினேன்.

அடுத்த வாரம் இரண்டாவது பாட்டிலேயே சத்தம் கரகரத்தது. பின்பக்க வயரை அசைத்துப் பார்க்க உறைக்குள் கையை விட்டேன். இஸ்திரிப் பெட்டியைத் தொட்டது போலச் சுட்டது. அப்போதுதான் மண்டையில் உறைத்தது. சூடு வெளியேறுகிற துவாரங்கள் எல்லாம் பின்னால்தான். அவற்றை ஃப்ளீஸ் போட்டு மூடியிருக்கிறோம். சூடு தாங்காமல் பெட்டி தானாகவே ஆஃப் ஆகிவிடுகிறது. பழி ஓரிடம், பாவம் ஓரிடம். நான் வாரக்கணக்கில் வயரைத் திட்டிக்கொண்டிருந்தேன்.

கழற்றிவிடலாம். ஆனால் தைத்தவர் முதல் வரிசையில் உட்கார்ந்திருக்கிறார். சபை முன்னால் சிலுவை போட்ட துணியை உரிப்பது எப்படி? போதகர் எல்லாரையும் கண்களை மூடி ஜெபிக்கச் சொன்னார். அவர் ஜெபம் நீளம் என்று எனக்கு எப்போதும் அலுப்புண்டு. அன்று, அது முடியவே கூடாது என்று நான் ஜெபித்தேன். குனிந்து உறையை உருவினேன். எலாஸ்டிக் ஒரு மூலையில் மாட்டிக்கொண்டது. இழுத்தால் பெட்டியே சாய்ந்தது. ஒரு கையால் பெட்டியைத் தாங்கிக்கொண்டேன்.

நிமிர்ந்தால், மூப்பரின் மனைவி கண்ணைத் திறந்து என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். சத்தமில்லாமல் எழுந்து வந்தார். பெட்டியின் பின்பக்கம் தொட்டார், விரலை உதறினார். எலாஸ்டிக்கைப் பழகிய கையால் விடுவித்து, உறையைச் சுருட்டி எடுத்துப் போய் மடியில் வைத்துக்கொண்டு மறுபடி கண்ணை மூடிக்கொண்டார். பிரசங்கம் முடிவதற்குள் பெட்டி ஆறிவிட்டது. கடைசிப் பாட்டு கடைசி வரி வரைக்கும் ஒலித்தது.

வெளியே அவர் தன் கணவரிடம் என் முன்னாலேயே சொன்னார்: “தப்பு தம்பி மேல இல்லீங்க. மூச்சு விட முடியாம தெச்சுப் போட்டது நானுங்க.”

மூப்பர் மனைவி கையிலிருந்த உறையை வாங்கிப் புரட்டிப் பார்த்தார். பிறகு, “கிறிஸ்மஸ் கேரலுக்கு நீங்கதானுங்க வாசிக்கோணும்” என்றார். தலையாட்டினேன். “உங்க ரூம் எந்தப் பக்கமுங்க?”

எதற்கு என்று கேட்டேன்.

“அங்கயும் வந்து பாடோணுமில்லீங்களா?”

கேரல் பாடுகிறவர்கள் குடும்பம் இருக்கிற வீடுகளுக்குத்தான் போவார்கள். நான் வந்த நாளிலிருந்து ரூம்களுக்கு யாரும் வந்ததில்லை, வரவேண்டும் என்று எங்களுக்கும் தோன்றியதில்லை.  கையை நீட்டி வழி காட்டினேன்.

ரூமுக்குப் போனதும் முதல் வேலையாகக் கொடியில் தொங்கிய பனியன், லுங்கி எல்லாவற்றையும் உருவ ஆரம்பித்தேன். படுத்திருந்த ரூம்காரன் எழுந்து உட்கார்ந்தான்.

“கிறிஸ்மசுக்கு இன்னும் எத்தன நாளு கெடக்கு. இப்பமே என்னத்துக்குல?”

“லேய், நம்ம வீட்டுக்கு ஆளு வாராவ” என்றேன்.