மாப்பிள்ளை கேட்டு வந்தவர்கள்

திருவனந்தபுரத்தில் எத்தனையோ வீட்டுக்குப் பெண் கேட்டு வந்திருப்பார்கள். விமானம் ஏறி மாப்பிள்ளை கேட்டு வந்தது எங்கள் வீட்டுக்குத்தான். சாலைக் கடைத்தெருவுக்குப் பின்னால், ஆட்டோகூட நுழையாத சந்து எங்களுடையது. அந்தச் சந்துக்குள் வியட்நாமிலிருந்து பெட்டியை உருட்டிக்கொண்டு ஒரு பெண்ணும் அவளுடைய அம்மாவும் வந்தார்கள். கேட்டு வந்தது என் ஒரே மகனை.

அவன் காற்றாலை எஞ்சினியர். இரண்டே வருஷம் என்று சொல்லிவிட்டு நின் துவான் என்ற மாகாணத்துக்கு வேலைக்குப் போனான். அங்கே சாம் இனத்துப் பெண் ஒருத்தியைப் பிடித்துப்போயிற்று. பிடித்தால் பிடிக்கட்டும், கூட்டிக்கொண்டு வா என்றேன். அப்போதுதான் விஷயத்தைச் சொன்னான். சாம் முறைப்படி பெண் வீட்டார்தான் வெற்றிலையோடு வந்து மாப்பிள்ளை கேட்பார்களாம். மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்குக் குடிபோக வேண்டுமாம். அதிலும் இவள் கடைசி மகள். வீடு அவளுக்குத்தான் என்பதால் அவள் அதை விட்டு வரவே முடியாதாம். ஆக, போனவன் போனவன்தான். எனக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது.

குற்றம் கண்டுபிடிப்பதற்கென்றே அந்த ஊரைப் பற்றிப் படித்தேன். முப்பது வருஷம் கவர்மென்ட் ஆபீசில் ஃபைலில் குற்றம் கண்டுபிடித்தவளுக்கு இது பெரிய வேலையா? மூன்று பக்கம் மலை, ஒரு பக்கம் கடல். மேகத்தையெல்லாம் மலை தடுத்துவிடுகிறது, அந்த நாட்டிலேயே மழை குறைந்த இடம் அதுதான். இடவப்பாதி மழையில் நனைந்து வளர்ந்த பிள்ளை அங்கேயா குடியிருப்பது? விளைவது திராட்சையும் பூண்டும். மேய்வது ஆடு. கடலோரமெல்லாம் உப்பளம். குன்றின் மேல் செங்கல் கோபுரம், உள்ளே சிவன். அந்த லிங்கத்துக்கு ஒரு பழைய ராஜாவின் முகம். சிவனுக்கு எதற்கு மீசை வைத்த முகம் என்று அதிலும் ஒரு குறை கண்டேன். காற்றாலைப் படத்தில் மட்டும் குறை காண முடியவில்லை. அசப்பில் ஆரல்வாய்மொழி, என் அம்மா பிறந்த ஊர்.

போன வருஷம் அந்த மாகாணத்தையே பக்கத்து மாகாணத்தோடு சேர்த்துவிட்டார்கள். எனக்கு நல்ல பிடி கிடைத்தது. ஃபோனில் கூப்பிட்டு, மாகாணத்தையே காணோமே, நீ எங்கே போய்க் குடியிருப்பாய் என்று கேட்டேன். அவன் சிரித்தான். நாஞ்சில் நாடும் திருவிதாங்கூரில் இருந்துதானே தமிழ்நாட்டுக்குப் போயிற்று, அதற்காக உன் அம்மா வீடு காணாமல் போயிற்றா என்றான். ஃபோனை வைத்துவிட்டேன்.

பக்கத்தில் என் வீட்டுக்காரர் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். பேப்பரை மடித்து வைத்துவிட்டு மெல்லச் சொன்னார்.

"ஏளா, நானும் இப்படித்தானே வந்தேன்."

ஆமாம், இப்படித்தான் வந்தார். நான் ஒரே பெண், வேலையும் இங்கே என்று, திருநெல்வேலியிலிருந்து வீட்டோட மாப்பிள்ளையாக வந்தவர் அவர். தன் அம்மாவைப் பார்க்கப் போகும்போதெல்லாம் திரும்பி வரும் டிக்கெட்டையும் நானே தம்பானூர் ஸ்டேஷனில் எடுத்துக் கையில் கொடுத்துவிடுவேன். இரண்டு நாளுக்கு மேல் தங்கவிட்டதில்லை. அந்த அம்மா கண்ணை மூடியபோதும் அவர் இங்கேதான் இருந்தார். அதைப் பற்றி ஒரு நாளும் என்னிடம் குறைப்பட்டதில்லை. அவர் அப்படிச் சொன்ன அன்று எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

ஆனாலும் மனசு அவ்வளவு சீக்கிரம் வழிக்கு வருமா? பெண்ணையும் அம்மாவையும் மகன்தான் கூட்டிக்கொண்டு வந்தான். வந்த அன்றே அந்த அம்மா தானாகச் சாலைக் கடைத்தெருவுக்குப் போய், பாஷை தெரியாமலே பேரம் பேசி, வெற்றிலையும் பாக்கும் வாங்கி வந்து தட்டில் வைத்து நீட்டினார். நான் அதை எடுத்துக்கொண்டால் சம்மதம் என்று அர்த்தம். அங்கே வையுங்கள், பார்க்கலாம் என்றேன். மூன்று நாளும் தட்டு அலமாரியிலேயே இருந்தது. அந்த அம்மாவோ முகம் சுளிக்காமல் தினமும் வாடிய வெற்றிலையை எடுத்துவிட்டுப் புதிது வைத்தார்.

அவர்கள் கிளம்புவதற்கு முந்தின நாள் எல்லோருமாகப் பொன்முடி மலைக்குப் போனோம். இறங்கி வரும்போது கல்லாற்றில் வண்டியை நிறுத்தினோம். தண்ணீரைக் கண்டதும் அந்த அம்மா செருப்பைக் கழற்றிவிட்டு ஆற்றில் இறங்கி, இரண்டு கையாலும் அள்ளி அள்ளி முகத்தில் ஊற்றிக்கொண்டார். மழை இல்லாத ஊர்க்காரி அல்லவா? அதைப் பார்த்ததும் எனக்குப் பாவமாகிவிட்டது, பக்கத்துப் பாறையில் போய் உட்கார்ந்தேன். அவர் தன் பாஷையில் ஏதோ சொன்னார். பெண் தயங்கித் தயங்கி ஆங்கிலத்தில் சொன்னாள். எங்கள் வழக்கத்தில் ஆண் பெண் வீட்டில் வாழ்ந்தாலும் அவன் தன் அம்மாவுக்குத்தான் சொந்தம். அவன் காலம் முடிந்து எரித்த பிறகு, நெற்றி எலும்பை எடுத்து அவன் அம்மா வழிக் குடும்பத்துக்கென்று நட்ட கல்லுக்கு அடியிலேயே கொண்டுபோய் வைத்துவிடுவோம். உங்கள் மகனையும் உங்களிடம் சேர்த்துவிடுவோம்.

எனக்கு வந்ததே கோபம். மாப்பிள்ளை கேட்டு வந்த இடத்தில் அவன் சாவைப் பேசுகிறவர்கள் உண்டா? விருட்டென்று எழுந்துவிட்டேன். மகன் என் கையைப் பிடித்தான்.

"இரும்மா. கோவப்படாத. இது அவங்க குடுக்கிற வாக்கு."

உட்கார்ந்தேன். அந்த அம்மா என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். தன்னால் கொடுக்க முடிந்ததிலேயே பெரியதைக் கொடுத்துவிட்டு, ஏன் இவளுக்குக் கோபம் என்று புரியாத முகம். எனக்கு அறுபத்திரண்டு வயது, மகனுக்கு முப்பத்தொன்று. கணக்குப் போட்டுப் பார்த்தேன். ஆபீஸ் ஆங்கிலமெல்லாம் எங்கோ போய்விட்டது, தமிழ்தான் வந்தது.

"அவன் அப்படி வர்ற அன்னைக்கு வாங்கிக்க நான் இருக்கமாட்டேன். இருக்கவும் வேண்டாம். எலும்பெல்லாம் அங்கேயே கெடக்கட்டும். வருஷத்துக்கு ஒருக்கா உயிரோட அனுப்பினா மதி, அது போதும்."

மகன் மொழிபெயர்க்கத் தொடங்கினான். பாதியில் முகத்தைத் திருப்பிக்கொண்டான். மீதியை நானே ஆங்கிலத்தில் சொன்னேன், பெண் அதைத் தன் அம்மாவிடம் சொன்னாள். கேட்டுக்கொண்ட அந்த அம்மா நிதானமாகப் பதில் சொன்னார். கட்டாயம் அனுப்புவோம், எப்போது திரும்புவான் என்று கேட்கமாட்டோம் என்று பெண் எனக்குச் சொன்னாள்.

என் வீட்டுக்காரர் இருந்த பக்கம் என்னால் திரும்ப முடியவில்லை. அந்த அம்மா இடுப்புப் பையிலிருந்து ஒரு வெற்றிலையை எடுத்தார். சுண்ணாம்பு தடவி, பாக்கு வைத்து மடித்து, என்னிடம் நீட்டினார். வாங்கி வாயில் போட்டுக்கொண்டேன். ஏன் அழுகிறாய் என்று என் வீட்டுக்காரர் கேட்டதற்கு, சுண்ணாம்பு கூடிப்போய் நாக்கு பொத்துவிட்டது என்றேன்.