உப்புக்குப் பரிந்து பேசிய தையல்காரர்

அந்தத் தையல்காரருக்கு எதையும் சேர்க்கத்தான் தெரியும். பிரிக்க மனசு வராது. கோணலாக விழுந்த தையலைப் பிரிக்க வேண்டியிருந்தால்கூடத் தங்கையிடம் கொடுத்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொள்வார். அந்தத் தங்கை கணவனோடு ஒத்துவராமல் பிறந்த வீட்டுக்கே வந்துவிட்டவள். அண்ணன் கடையில் பித்தான் தைத்துக்கொண்டிருந்தாள். கேட்டவர்களிடமெல்லாம் அவள் லீவுக்கு வந்திருப்பதாக அவர் வருஷக்கணக்கில் சொல்லிக்கொண்டிருந்தார்.

அவர் மனைவி பள்ளிக்கூடத்தில் உயிரியல் டீச்சர். வேதியியல் வாத்தியார் திடீரென்று வேலையை விட்டுப் போனதும் அந்தப் பாடமும் இவர் தலையில் விழுந்தது. பிள்ளைகளுக்குப் புரிய வேண்டுமே என்று, சாயங்காலம் புருஷனை உட்காரவைத்து ஒத்திகை பார்ப்பார்.

“சோடியத்துகிட்ட கடைசி வட்டத்துல ஒரே ஒரு எலெக்ட்ரான். குளோரினுக்கு ஒண்ணு குறையுது. இது குடுக்கும், அது வாங்கிக்கும். ரெண்டும் ஒட்டிக்கிட்டா உப்பு.”

நல்ல சம்பந்தம் என்று தையல்காரர் மெச்சினார்.

அடுத்த பாடம் கரைதல். தண்ணீரில் போட்டால் தண்ணீரின் மூலக்கூறுகள் சூழ்ந்துகொண்டு சோடியத்தை ஒரு பக்கமும் குளோரினை ஒரு பக்கமும் இழுத்துப் பிரித்துவிடும் என்றார் டீச்சர். தையல்காரருக்குக் கண் கலங்கிவிட்டது. நேராக அடுப்படிக்குப் போய் உப்பு ஜாடியை எடுத்துவந்து துணி பீரோவில் வைத்துப் பூட்டினார். ஒட்டி வாழ்கிற குடும்பத்தைக் கொதிக்கிற தண்ணீரில் தள்ளிப் பிரிக்கிற பாவம் தன் வீட்டில் நடக்கக் கூடாது என்றார்.

உப்பில்லாப் பண்டம் குப்பையிலே என்பார்கள். இவர்கள் வீட்டில் அது தட்டிலேயே இருந்தது. மூவரும் மென்று விழுங்கினார்கள். தொண்டை வலிக்கு உப்புத் தண்ணீர் கொப்பளித்த பக்கத்து வீட்டுக்காரரிடமும் தையல்காரர் நியாயம் கேட்கப் போக, டீச்சருக்குப் பொறுக்கவில்லை. அதே வீட்டில் ஒரு டம்ளர் உப்புத் தண்ணீர் வாங்கிவந்து அடுப்பில் வைத்தார். தண்ணீர் வற்ற வற்ற, பாத்திரத்தின் அடியில் வெள்ளையாகப் படிந்தது.

“பாருங்க, பிரிஞ்சது சேந்துடுச்சு.”

தையல்காரர் குனிந்து பார்த்து, முகம் மலர்ந்து, “பழைய ஜோடியேதானா?” என்றார்.

டீச்சருக்குப் பொய் வராது. “அதைச் சொல்ல முடியாதுங்க. ஒரு சோடியத்தைச் சுத்தி ஆறு குளோரின் நிக்கும்.”

தையல்காரர் அப்படியே ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார். பிள்ளைகளுக்கு இதையா சொல்லிக்கொடுக்கிறாய் என்று முனகினார்.

கடை வேலையை வீட்டுக்குக் கொண்டுவந்து பித்தான் தைத்துக்கொண்டிருந்த தங்கை அதை வைத்துவிட்டு எழுந்து வந்தாள். மூளை சொல்வது விரலுக்கு எட்ட வேண்டுமென்றால், பிரிந்த சோடியம் நரம்பின் சுவரைத் தாண்டி உள்ளே ஓட வேண்டும் என்று அண்ணி முன்பு வீட்டில் சொல்லிப் பார்த்த உயிரியல் பாடத்தை அவளும் கேட்டிருந்தாள்.

“பிரிஞ்ச சோடியம் ஒண்ணும் மூலையில உக்காந்து அழுதுக்கிட்டு இல்லண்ணா. உங்க கையில ஊசி ஓடுதுன்னா, அது ஓடியாடி வேலை செய்றதாலதான். சேத்து வைக்கணும்னு நிக்கிறீங்களே, அதுகிட்ட ஒரு வார்த்தை கேட்டீங்களா?”

தையல்காரர் வெகுநேரம் தன் விரல்களை மடக்கி மடக்கி நீட்டிப் பார்த்தார். பிறகு பீரோவைத் திறந்தார். அன்று பருப்பில் அவரே உப்புப் போட்டார். கை தாராளமாகிவிட்டது, கரித்தது. யாரும் குறை சொல்லவில்லை.

மறுநாள் பாடம் செல் பிரிதல். டீச்சர் அதற்கு ஒத்திகை பார்க்காமலே வகுப்புக்குப் போனார்.