வெளியேறிய நேரம் நாலு மணி

எங்கள் தீவுகளின் வடகோடியில் இருக்கும் திக்லிபூருக்குத் தனியாகக் கார் ஓட்டிப் போகிறேன் என்றதும் அலுவலகத்தில் ஆளுக்கொரு புத்தி சொன்னார்கள். நான் கேட்பவளா? என் வீடு இருக்கும் மரைன் ஹில்லிலிருந்து விடியலுக்கு முன்பே கிளம்பி, மற்ற வண்டிகளோடு வரிசையில் ஜாரவா பழங்குடிகளின் காட்டைக் கடந்தேன். அங்கே எந்தப் பறவை கூப்பிட்டாலும் வண்டியை நிறுத்தக் கூடாது. எத்தனையோ குரல்களைக் கேட்டும் பார்க்காமல் வந்த எரிச்சல் மறுநாளும் தீரவில்லை.

மறுநாள் சேடில் பீக் மலைப்பாதை. காரை நிறுத்திய வாசலில் ஒரு பதிவேடு: பெயர், உள்ளே போன நேரம், வெளியேறிய நேரம், கையெழுத்து. வனக் காவலர் டீ போட உள்ளே போயிருந்தார். பதினெட்டு வருடம் அரசாங்க உத்தியோகம் பார்த்த கை சும்மா இருக்குமா? காலையிலேயே மாலைக் கையெழுத்தையும் சேர்த்துப் போட்டுவிடுவது எங்கள் அலுவலகத்தில் ஊரறிந்த பழக்கம். வெளியேறிய நேரம் 4.00 என்று எழுதி, கையெழுத்தும் போட்டுவிட்டு நடந்தேன்.

கடற்கரையோரமாகப் போய்க் காட்டுக்குள் ஏற வேண்டும். ஏறிவிட்டு இறங்கும் வழியில், மூன்று மணி வாக்கில் அந்தச் சத்தம் கேட்டது. டொக், டொக். இந்தத் தீவுகளைத் தவிர வேறெங்கும் இல்லாத கருப்பு மரங்கொத்தி. ஆறு வருடமாகத் தேடுகிறேன். பாதையை விட்டு இறங்கினேன். பைனாகுலரில் அதன் சிவப்புக் கொண்டை தெரிந்தது. இன்னும் ஓர் அடி வைத்தேன், ஈர வேரில் வழுக்கிக் கால் மடங்கிவிட்டது.

காலை ஊன்ற முடியவில்லை. போனில் சிக்னல் இல்லை. இங்கே ஐந்து மணிக்கெல்லாம் இருட்டத் தொடங்கிவிடும். ஆள் திரும்பவில்லை என்றால் காவலர் தேடி வருவார் என்று தைரியம் சொல்லிக்கொண்டேன். அப்போதுதான் என் கையெழுத்து நினைவுக்கு வந்தது. பதிவேட்டின்படி நான் போய்விட்டேன், என்னை யாரும் தேடப்போவதில்லை. நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். நான் கையால் கெட்டேன்.

ஒரு கொம்பை ஊன்றி, பாதி நடந்தும் பாதி உட்கார்ந்து நகர்ந்தும் இறங்கினேன். கத்திக் கத்தித் தொண்டை கட்டிவிட்டது. கடற்கரைக்கு வந்தபோது நன்றாக இருட்டியிருந்தது, காலையில் நடந்த மணலில் பாதி தண்ணீருக்குள் கிடந்தது. அங்கேயே உட்கார்ந்து அழுதேன். சொல்வதில் வெட்கமில்லை.

தூரத்தில் டார்ச் வெளிச்சம் தெரிந்தது. காவலர்தான்.

"அரே மேடம்! ரெஜிஸ்டர்ல நாலு மணிக்கே போயிட்டீங்கன்னு கேட்டைப் பூட்டிட்டுக் கெளம்பிட்டேன். பாத்தா உங்க கார் வெளிய அப்படியே நிக்குது."

கைத்தாங்கலாக வாசல்வரை கூட்டிவந்தார். தண்ணீர் கொடுத்தார். பதிவேட்டைத் திறந்து என் முன்னால் வைத்தார்.

"உங்க வீட்டு ஆளுங்க நாளைக்கு வந்து கேட்டிருந்தா, நான் இதைத்தானே மேடம் காட்டியிருப்பேன்?"

நாலு மணியை அடித்துவிட்டு 6.10 என்று எழுதி, பக்கத்தில் கையெழுத்துப் போட்டேன். கொம்பைப் பிடித்துச் சிராய்த்த விரல்களால் போட்ட அது காலையில் போட்ட கையெழுத்தைப் போலவே இல்லை.